மறு: ஃபார்வர்ட் பாஸ் – ‘முன்வீச்சு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கிக் கையால் எறிவதுதான் ஃபார்வர்ட் பாஸ். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணியின் 1906 பருவம் பற்றிய கட்டுரையில் அதைத் தமிழில் சொல்ல முன்வீச்சு, முன்கடத்தல், முன்னெறி என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. கட்டுரையின் உயிரே இந்தச் சொல்தான். அந்த அணி இல்லாவிட்டால் இந்த ஆட்டமுறை எப்போது வேர்விட்டிருக்குமோ. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

> பாஸ் என்றால் கடத்தல்தானே? கால்பந்துக் கட்டுரைகளில் அப்படித்தான் எழுதுகிறோம். முன்கடத்தல் என்று வைத்துவிடலாம்.

ஐயா, கால்பந்துக்கு அது பொருந்தும். அமெரிக்கக் கால்பந்தில் இடிக்கிறது. 1905 பருவத்தில் அமெரிக்கக் கல்லூரி மைதானங்களில் பிள்ளைகள் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். நிலைமை முற்றி, அந்த அக்டோபரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே வரவழைத்துப் பேசினார். அன்றைய ஆட்டம் அப்படி: பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருவன் ஓட, மற்றவர்கள் கும்பலாக அவனை முட்டித் தள்ளிக்கொண்டு போவார்கள். பந்தைப் பக்கத்து ஆளிடம் கொடுக்கலாம், பின்னால் தட்டிவிடலாம். எதிரணியின் எல்லைக்கோட்டை நோக்கி எறியத்தான் தடை. கும்பலைக் கலைக்க வேண்டும் என்பதற்காக 1906இல் அந்தத் தடையை எடுத்தார்கள். கைமாற்றுவது பழையது, எறிவதுதான் புதிது. கடத்தல் என்று போட்டால் அந்தப் புதுமையே காணாமல் போய்விடும். (தலைப்பில் ‘முதல் முன்கடத்தல்’ என்று பார்த்தால் விமான நிலையத்தில் தங்கம் பிடிபட்ட செய்தி என்றுதான் எனக்குத் தோன்றும்.)

வீச்சு என்ற சொல்லைக் கிரிக்கெட் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த அணியில் பந்தை எறிந்த ராபின்சனைப் பற்றி ‘ராபின்சனின் வீச்சு’ என்றதும் ஓடிவந்து கையைச் சுழற்றும் ஆள் கண்முன் வந்து நிற்கிறான். ஈட்டி எறிதல், குண்டு எறிதல், வட்டு எறிதல் என்று பள்ளி விளையாட்டு விழாவிலேயே பழகிய ‘எறி’ இருக்கும்போது வீச்சு எதற்கு? அணியின் பயிற்சியாளர் எடி கோச்செம்ஸ் செய்ததும் அதைத்தான். பருவம் தொடங்குமுன் பையன்களை விஸ்கான்சினில் பியூலா ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார். அப்போதைய பந்து இன்றையதைவிடக் குண்டு. முனைப் பக்கம் உள்ள தையல் கயிற்றில் விரலைப் பதித்து, மணிக்கட்டைத் திருகி, பந்து தன் நீள அச்சில் சுழன்றுகொண்டே போகும்படி எறியச் சொன்னார்.

முன்னெறி அழகான சொல்தான், ஆனால் பிரித்துப் பாருங்கள். முன் + எறி என்றும் வரும், முன் + நெறி என்றும் வரும். நன்னெறி, செந்நெறி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் என் பரிந்துரை ‘முன்னெறிவு’. எறிபவர் எறிநர், பிடிப்பவர் பற்றுநர். பிடிபட்டால் ‘கைசேர்ந்த எறிவு’, விழுந்துவிட்டால் ‘கைசேரா எறிவு’.

ஓடும் வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

“1906 செப்டம்பர் 5, விஸ்கான்சின் மாநிலம் வாக்கேஷா. கேரல் கல்லூரிக்கு எதிராக பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் முன்னெறிவு கைசேரவில்லை. யார் கையும் படாமல் தரையைத் தொட்டால் பந்து எதிரணிக்கு என்பது அன்றைய விதி. பந்து கேரலுக்குப் போனது. பின்னர் அவர் எறிந்த 20 கெஜ முன்னெறிவை ஜாக் ஷ்னைடர் பிடித்து டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுப்பது) ஆக்கினார். செயின்ட் லூயிஸ் 22-0 என வென்றது.”

எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு?

———

வணக்கம் அண்ணா.

கைசேரா எறிவு அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அது பந்தையே பறிகொடுக்கும் குற்றம் என்பதால்தான் கிழக்கத்திய பெரிய கல்லூரிகள் எறியத் தயங்கின. தயங்காத செயின்ட் லூயிஸ் 11 ஆட்டங்களில் 11 வெற்றி, எடுத்தது 407 புள்ளி, கொடுத்தது வெறும் 11. கேன்சஸை 34-2, அயோவாவை 39-0 என்று வென்றது. இவ்வளவும் நடந்த பிறகும் 1913இல் ராணுவக் கல்லூரியை 35-13 என்று தோற்கடித்த நோட்ர டேம் பல்கலைக்கழக ஆட்களுக்கே ஊரெல்லாம் பெயர். அந்த அணியில் ஆடிய நூட் ராக்னி, இதற்கு முன்னோடி கோச்செம்ஸ்தான் என்று பின்னாளில் சொன்னார். இதைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் முன்னெறிவில் எனக்கு ஒரு சங்கடம். வேகமாகப் படித்தால் ‘முன்னறிவு’ என்றே கண்ணில் படுகிறது. கைப்பேசியின் பிழைதிருத்தி திருத்தியே போட்டுவிடும். பிரித்து ‘முன் எறிவு’ என்று எழுதலாமே? பக்கவாட்டில் போவதைப் பக்க எறிவு, பின்னால் போவதைப் பின் எறிவு என்று வரிசையும் கிடைக்கும். எங்கே குழப்பம் இல்லையோ அங்கே வெறும் எறிவு போதும். எறிநர், பற்றுநர் கொஞ்சம் தேர்வுத்தாள் வாடை. எறிபவர், பிடிப்பவர் என்றே விடலாம்.

வரைவில் இரண்டு இடம் திருத்த வேண்டும். டச்டவுனுக்கு 6 புள்ளி என்று இருக்கிறது. 6 ஆனது 1912இல், இந்தப் பருவத்தில் 5தான். பந்தை வைத்திருக்கும் அணி 10 கெஜம் நகர நான்கு முயற்சி (டவுன்) என்பதும் 1912இல் வந்தது. 1906இல் மூன்றே முயற்சி. அதற்கு முந்தைய ஆண்டுவரை மூன்று முயற்சியில் 5 கெஜம் போதும். இன்னொன்று, ராபின்சன் பிற்காலத்தில் மருத்துவராகி செயின்ட் லூயிஸ் மேயரானார் என்ற வரி சரிதான், ஆனால் அது மிச்சிகன் மாநிலத்துச் செயின்ட் லூயிஸ். பல்கலைக்கழகம் இருப்பது மிசூரியில். மாநிலப் பெயரைச் சேர்க்காவிட்டால் படிப்பவர் ஒரே ஊர் என்று நினைத்துக்கொள்வார்.

———

தங்கைக்கு நன்றி. ‘முன் எறிவு’, பிரித்தே எழுதுவோம். எறிபவர், பிடிப்பவர் என்பதற்கும் சம்மதம். வரைவில் மாற்றிவிட்டேன், மாநிலப் பெயர்களும் சேர்த்தாயிற்று. ஐயா ‘கடத்தல்’ பக்கம் இன்னும் உறுதியாக நிற்பார் என்று தெரியும், அவர் பதிலுக்காக ஞாயிறு வரை பதிப்பிக்காமல் வைத்திருக்கிறேன். இதற்கிடையில் ‘டவுன்’ என்பதற்கு முயற்சி என்று போட்டிருக்கிறோமே, ‘முதல் முயற்சி கிடைத்தது’ என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு ஏதாவது புரியுமா?