தாழ்மை எங்கே தட்டுகிறது? குமரி மாவட்டத்து சபைகளில் கண்டவை

மார்த்தாண்டத்திலிருந்து:

தாழ்மையைப் பற்றிய பிரசங்கங்களுக்குக் குறைவில்லை. பெருமை எந்த இடத்தில் வந்து உட்காருகிறது என்று இடம் சுட்டிச் சொல்பவர்கள்தான் குறைவு. நம் சபைகளில் அது பகிரங்கமாக எழுந்து நிற்கிற இடம் அறுப்பின் பண்டிகை ஏலம்.

சபையார் காணிக்கையாகப் படைத்த மட்டி, செந்துளுவன் வாழைக்குலைகள், சேனை, தேங்காய், நாட்டுக்கோழி எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வெளியே வரும். ஒரு குலைக்குச் சந்தையில் என்ன விலை என்று அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். சபைக்கென்று மனமறிந்து கூடுதலாகக் கேட்பது நல்ல காணிக்கை. ஏலம் விடுகிறவர் மைக்கில், "அவரு சொல்லிட்டாரு, அண்ணன் விட்டுருவாரா?" என்று இரண்டு பேரை முட்டவிடும்போதுதான் சங்கதி கெட்டுப்போகிறது. அதற்கப்புறம் ஏலம் போவது பெயர்தான். வேகத்தில் கேட்ட தொகை கையில் இருக்காது, பாக்கியாக ஏறும். பொருளாளர் இரண்டு தடவை கேட்டால் ஆள் கோயிலுக்கு வருவதையே குறைத்துவிடுவார். இன்னொரு பக்கம், நாலு முட்டையும் அரைக்கிலோ புளியும் கொண்டுவந்த அம்மாவின் படைப்பு சில்லறைச் சாமானோடு ஒரே குவியலில் போகும். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் காலடி என்று யாக்கோபு 2-ல் கண்டிக்கப்படுவது இதுதான்.

மாற்றுவது கஷ்டமில்லை. சிறு பொருள்களுக்கு விலை எழுதி ஒரு மேசையில் வையுங்கள், பிள்ளைகளும் வாங்குவார்கள். ஏலத்துக்கு 15 பொருள் போதும். கேட்கிறவருக்கு எண் அட்டை கொடுத்து, மைக்கில் எண்ணை மட்டும் சொல்லுங்கள். பணம் கட்டின பிறகே பொருள். ஏலம் விடுவதற்குக் கணக்கறிந்த அமைதியான ஆளைப் போடுங்கள். வேடிக்கையாகப் பேசுகிறவர் தூண்டாமல் இருக்கமாட்டார்.

தக்கலையிலிருந்து:

ஏலம் வருஷத்துக்கு ஒருநாள். சபைக் கமிட்டிச் சண்டை மாதாமாதம். அதனால் மன்னிப்புக் கேட்கிற முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அதிகம் பிழைபடுவது அங்கேதான்.

திருவிருந்து ஞாயிறு என்றால் வியாழனோ வெள்ளியோ போய்விடுங்கள். சனி ராத்திரி போனால், மறுநாள் அப்பம் வாங்குவதற்காக வந்திருக்கிறார் என்றுதான் எதிராளிக்குத் தோன்றும். முதலில் தனியே போக வேண்டும் (மத்தேயு 18:15 குற்றம் செய்யப்பட்டவனுக்குச் சொன்னது, ஆனாலும் அந்த ஒழுங்கு இருவருக்கும் உதவும்). பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போனால் அது பஞ்சாயத்து. பழப் பொட்டலமும் வேண்டாம். அதை வாங்கிக்கொண்டவர் மனத்தாங்கலை வெளியே சொல்லக் கூச்சப்படுவார்.

"தப்பா நினைச்சிருந்தா மன்னிச்சிக்கிடுங்க" என்பது மன்னிப்பு ஆகாது, நினைத்தவர்மேல் குற்றத்தை ஏற்றுகிறது. செய்ததைச் சொல்லுங்கள்: "அண்ணே, அன்னைக்குக் கமிட்டியில உங்க கணக்கைச் சந்தேகப்பட்டுப் பேசினேன். அது தப்பு." அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீங்களும்" என்று தொடங்கினால் முன்னால் சொன்னதெல்லாம் அழிந்துபோகும். அவர் பதில் சொல்லாமல் இருந்தாலும் காத்திருக்காதீர்கள், பத்து நிமிஷத்தில் எழுந்து வாருங்கள். ஒன்பது பேர் முன்னால் பேசின பேச்சு என்றால் அடுத்த கூட்டத்தில் அதே ஒன்பது பேர் முன்னால் திருத்தவும் வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் கேட்ட மன்னிப்பால் கூட்டத்தில் போன மானம் திரும்பாது. கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை எழுந்து இதைச் சாட்சியாகச் சொல்லவே கூடாது.

கோட்டாறிலிருந்து:

எங்கள் கத்தோலிக்கர் பக்கம் தாழ்மையைத் தாழ்ச்சி என்போம். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழனன்று நடக்கும் பாதம் கழுவும் சடங்கைப் பற்றி ஒன்று. 2016 ஜனவரியில் வந்த ரோமை ஆணைக்குப் பிறகு பெண்களையும் அந்த வரிசையில் உட்கார வைக்கலாம். அப்படியும் பல பங்குகளில் பங்கு நிர்வாகத்தில் இருக்கிற பேரவைக்காரர்களும் பெரிய நன்கொடையாளர்களும்தான் உட்காருகிறார்கள். வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிய பாதம், புது வேட்டி. ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் (பக்கத்து வீட்டார் சேர்ந்த சிறு ஜெபக் குழு) ஒருவர் என்று வைத்து, வலை இழுக்கிறவர், கோயில் கூட்டுகிறவர், நடக்க முடியாத பாட்டி என்று தேர்ந்தால் சடங்குக்கு உயிர் வரும்.

அன்று சீடர் பேதுரு செய்ததையும் பாருங்கள். "என் காலை நீர் கழுவக் கூடாது" என்று அவர் தடுத்தது தாழ்ச்சிபோலத் தெரிந்தாலும் இயேசு ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்தவர் உதவியை ஏற்க மறுப்பதும் பெருமைதான். படுக்கையில் விழுந்த பிறகும் அன்பியத்தார் கொண்டுவருகிற கஞ்சியை வேண்டாம் என்கிற பெரியவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லலாம்.

மயிலாடியிலிருந்து:

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த மண்ணில் "தாழ்ந்து போ" என்பது ஒரு காலத்தில் சட்டம். தோள்சீலைக்காக, அதாவது மார்பை மூடும் மேலாடைக்காக, பெண்கள் அடிபட்டார்கள். 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் அரசு அதை அனுமதித்துப் பிரகடனம் வெளியிட்டது, அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. அப்படிப்பட்ட இடத்தில் மருமகளுக்கும் கோயில் வேலை செய்கிற கோயில்குட்டிக்கும் மட்டும் தாழ்மையைப் போதிப்பது கிறிஸ்துவின் தாழ்மை ஆகாது. பிலிப்பியர் 2-ல் தம்மை வெறுமையாக்கினவருக்கு விட்டுக்கொடுக்க மகிமை இருந்தது. கையில் ஏதாவது இருப்பவர்தான் இறங்கிவர வேண்டும்.

அரண்மனை உத்தியோகத்திலிருந்த நட்டாலம் தேவசகாயம் 1745-ல் ஞானஸ்நானம் பெற்று, எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15-ல் அவரைப் புனிதராக அறிவித்தபோது சாதிப் பின்னொட்டு இல்லாமல் தேவசகாயம் என்றே சொன்னார்கள். நம் கல்யாணப் பத்திரிகைகளில், வீட்டு வாசல் பலகையில் அது இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம்.

குளச்சலிலிருந்து:

மயிலாடி அக்கா சொன்னதுக்கு ஆமென். சின்னதாக இரண்டு. யாராவது பாராட்டினால் "நன்றி" போதும். "நான் ஒண்ணுமில்ல" என்று இழுத்தால் அவர் இரண்டாம் தடவை பாராட்ட வேண்டியதாகிறது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்காக ஜெபிக்கும் படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள், டியூப் செருகிய முகத்தை ஊருக்குக் காட்ட அவர் சம்மதித்திருக்கமாட்டார்.

இரணியலிலிருந்து:

மார்த்தாண்டம் அண்ணனிடம் ஒரு கேள்வி. இனி வரும் ஏலம் சரி, ஏற்கனவே நிற்கிற பாக்கியை என்ன செய்வது? சில இடங்களில் ஆராதனை அறிவிப்பிலேயே பட்டியல் வாசிக்கிறார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:

வாசிக்கவே கூடாது. பொருளாளரும் இன்னொருவரும் மட்டும் வீட்டுக்குப் போக வேண்டும். கட்ட முடிந்த தொகையை அவரே சொல்லட்டும், தவணையாக வாங்குங்கள். முடியாது என்றால் கமிட்டியில் பெயர் சொல்லாமல் மொத்தத் தொகையாகத் தள்ளுபடி எழுதிவிடலாம். அடுத்த ஞாயிறு அவர் வந்தால் வாசலில் நிற்கிறவர்கள் வழக்கம்போல ஸ்தோத்திரம் சொல்லட்டும், பாக்கியைப் பற்றிக் கண்ணாலும் கேட்க வேண்டாம்.