கொடைக்கானல் – மன்னவனூர்: கியரும் பிரேக்கும் பற்றி யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மன்னவனூருக்குச் சைக்கிளில் போய் அன்றே தனியாகத் திரும்பத் திட்டம். போகவர ஏறக்குறைய 70 கி.மீ. பூம்பாறையிலிருந்து திரும்பும்போது, கால் சோர்ந்த நேரத்தில் ஏற்றம். கவலையே அதுதான்.

இப்போது முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 28. 700x38 டயரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஒன்பதரை கி.மீ. செங்குத்தில் அந்த வேகம் நிற்காது. மிதி கனத்து முட்டியைப் பிடிக்கும். பின்னால் 34 போட்டால் எட்டுக்குக் கீழே வரும். ஆனால் டிரெயிலியர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) குட்டைக் கூண்டு வகை, அவ்வளவு பெரிய பல்லுக்கு ஒத்துவராமல் போகலாம். ஹேங்கர் எக்ஸ்டெண்டர் (அந்தக் கருவியைச் சற்றுக் கீழே இறக்கும் துண்டு) மட்டும் மாட்டி ஓட்டியவர்கள் உண்டா? சின்னப் பல்லில் செயின் தொங்குகிறதா? செயின் எத்தனை கண்ணி கூட்டினீர்கள்?

பிரேக் ரிம் வகை, அதாவது கட்டை சக்கர வளையத்தையே அழுத்தும். இறக்கத்தில் விடாமல் பிடித்தால் ரிம் சூடேறி ட்யூபே வெடிக்கலாம். அதனால் வளைவுக்கு முன் அழுத்தி, உடனே விடுவேன். ஈரச் சாலையில் மணல் ஒட்டாத பிரேக் கட்டை எது?

பூம்பாறை தாண்டினால் குடிநீர் எங்கே கிடைக்கும்? காட்டுமாடு நடமாடும் வளைவுகள் தெரிந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.