புதுப்பிப்பு: மானிட்டரில் இருந்த பச்சைப் புள்ளி போய்விட்டது

மானிட்டரில் அணையாமல் நிற்கும் பச்சைப் புள்ளியை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் திரையைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு நிறமாக முழுத்திரையில் வைத்துப் பார்த்தேன். கறுப்பில் பச்சையாக மின்னியது, சிவப்பில் மஞ்சளாகத் தெரிந்தது, வெள்ளையில் கண்ணுக்கே படவில்லை. அதாவது பிக்சல் (திரையில் படத்தை உருவாக்கும் மிகச்சிறு புள்ளி) சாகவில்லை. அதில் உள்ள சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளில் பச்சை மட்டும் எரிந்தபடியே சிக்கியிருந்தது.

கைகொடுத்தது, நிறங்களை வேகமாக மாற்றிக் காட்டும் நிரல். அதன் சிறு சன்னலைப் புள்ளியின் மேல் நிறுத்தி ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் புள்ளி இல்லை. (வலிப்பு உள்ளவர்கள் நிறங்கள் அப்படி மின்னி மின்னி மாறுவதைப் பார்க்கவே வேண்டாம்.) விரலால் அழுத்தும் யோசனையை விட்டுவிட்டேன், பக்கத்துப் பிக்சல்களும் கெடலாம்.

எதிர்பாராத ஒன்று: வெள்ளைத் திரையில் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளியும் தென்பட்டது. எந்த நிறத்திலும் அது ஒளிரவில்லை, நிரலுக்கும் மசியவில்லை. அது செத்த பிக்சல்தான்.