பழைய அட்டாரி லின்க்ஸைத் திருத்த உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் ஹட்டனில் வசிக்கிறேன். என் பெரியப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்து, பின்னர் தகரப் பெட்டிக்குள் பல ஆண்டுகள் கிடந்த அட்டாரி லின்க்ஸ் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியை மீண்டும் இயக்க முயல்கிறேன். 1989இல் வெளிவந்த இக்கருவி, வண்ண எல்சிடி திரையுடன் வந்த முதலாவது கையடக்கக் கருவியாக இருந்தும், ஆறு ஏஏ பற்றரிகளைச் சில மணித்தியாலங்களில் தீர்த்துவிடும் பசியாலும் கூடிய விலையாலும், ஒற்றை நிறத் திரையுடைய கேம் போய் என்னும் போட்டிக் கருவியிடம் சந்தையில் தோற்றுப்போனது. இடதுகைக்காரர்கள் தலைகீழாகத் திருப்பி விளையாடும் வசதியும் இதில் உண்டு. பெரியப்பா அப்படித்தான் விளையாடுவார்.

பொத்தானை அழுத்தினால் திரை ஒரு கணம் மங்கலாக ஒளிர்ந்து அணைந்துவிடுகிறது. எங்கள் ஊர் ஈரத்தில் பற்றரி அறையின் சுருள்கம்பிகளில் படிந்திருந்த பச்சைக் களிம்பை வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்தும் மாற்றமில்லை. இக்கருவியில் அடிக்கடி பழுதடைபவை மின்னழுத்தத்தைச் சீராக்கும் பகுதியிலுள்ள சீனர் (Zener) டயோடு, மொஸ்பெட் (MOSFET) என்னும் சிறு மின்னணுப் பாகங்கள் என்பதால், என் சந்தேகம் அவற்றின் மீதே இருக்கிறது. கைத்தொலைபேசி திருத்தும் தம்பியோ, இது எந்தக் காலத்து ரேடியோ என்று கேட்டார்.

இவ்வுதிரிப்பாகங்கள் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலோ கண்டியிலோ கிடைக்குமா என்பதையும், பழைய சுற்றுப்பலகையில் பொறுமையாகப் பற்றவைக்கக்கூடியவர் மலையகத்தில் எவரேனும் இருக்கிறாரா என்பதையும் அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.