கணக்கு 14 மீ/விநாடி, காற்றுச் சுரங்கத்தில் 11: ஃப்ளட்டர் (காற்றோட்டத்தில் இறக்கை தானா ஆட ஆரம்பிப்பது) முன்னாடியே வருது, தெரிஞ்சவங்க பாருங்க

கோவையில் கல்லூரி ஆய்வகம், 600×600 மி.மீ. காற்றுச் சுரங்கம். மாடல் நாக்கா 0012 (சமச்சீரான இறக்கை வடிவம்), நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 200 மி.மீ.; ஸ்பிரிங்கில் மேலும் கீழும் ஆடும், சுழலவும் செய்யும். காற்றில்லாமல் தட்டிப் பார்த்தால் இயல்பு அதிர்வெண்கள் 3.1, 5.2 ஹெர்ட்ஸ்.

ஃப்ளட்டர் வேகத்தைக் கணக்கிடும் தியோடார்சன் முறைப்படி (1935) அது 14 மீ/விநாடியில் வரணும். 11-லேயே ஆட ஆரம்பிக்குது. ஆனா மாடலைப் பிய்க்கிற மாதிரி ஏறாது, சுமார் 1.5 டிகிரியில் அப்படியே நிக்குது. வேகத்தைக் குறைச்சா 9.5 வரை அடங்காது.

காற்று வேகம் அளக்கும் பிட்டாட் குழாயை மானோமீட்டரோட (அழுத்தமானி) ஒப்பிட்டாச்சு, சரி. ஈர்ப்பு மையம் சுழலும் அச்சுக்குப் பின்னால் 18 மி.மீ., கணக்கிலும் அதேதான். எண்ட் பிளேட் (இறக்கையின் முனைகளில் வைக்கும் தட்டு) போட்டும் மாற்றமில்லை. மூக்கில் 60 கிராம் ஈயம் கட்டினா 16 வரை ஆட்டமே இல்லை; அதனால சுழல் உதிர்தல்னு (மாடலுக்குப் பின்னால் காற்றுச் சுழிகள் மாறி மாறிப் பிரிவது) நான் நம்பலை.

சந்தேகம் தண்டைத் தாங்கும் பேரிங் மேலதான். பின்விளிம்பில் டயல் கேஜ் வைத்து விரலால் அசைச்சா 0.6 மி.மீ. லூஸ், லேசா 'டிக்'குன்னு சத்தம். தண்டு ஒட்டியாச்சு, பேரிங்கைக் கழற்ற வழியில்லை.

உராய்வும் சுழற்சிக்கான ஸ்பிரிங் விறைப்பும் மாறாம இந்த லூஸை எடுக்க ப்ரீலோடு (பேரிங்கை ஒரு பக்கமா அழுத்தி வைக்கும் நிலையான விசை) எப்படிக் கொடுப்பது?