நூலகக் கணக்கில் உள்நுழைந்தும் கட்டுரை திறக்கவில்லை: அவசர உதவி தேவை

பாறைக்கீற்று | திங்கள், இரவு 10.42

வணக்கம். எங்கள் பல்கலைக்கழக அறிவியல் நூலகத்தின் வழியாக ஓர் ஆய்விதழ்க் கட்டுரையைப் பதிவிறக்க இரண்டு மணி நேரமாக முயன்றுகொண்டிருக்கிறேன். கட்டுரைச் சுருக்கம் மட்டும் தெரிகிறது. பிடிஎஃப் பொத்தானை அழுத்தினால் பணம் கட்டச் சொல்கிறது. நூலகம் இந்த இதழுக்குச் சந்தா செலுத்துகிறது என்பதில் ஐயமே இல்லை. சென்ற வாரம்தான் இதே இதழிலிருந்து மூன்று கட்டுரைகளை எடுத்தேன். வியாழக்கிழமை நெறியாளரைச் சந்திக்க வேண்டும். உடனே ஒரு வழி சொல்லுங்கள்.

குறிப்பேடு | திங்கள், இரவு 10.55

சில விவரங்கள் இல்லாமல் எதுவும் சொல்ல இயலாது. வளாகத்திற்குள் இருக்கிறீர்களா, வீட்டிலிருந்து முயல்கிறீர்களா? நூலகத்தின் தளத்திலிருந்து இதழுக்குச் சென்றீர்களா, அல்லது தேடுபொறியில் கிடைத்த இணைப்பை நேரடியாகச் சொடுக்கினீர்களா? பணம் கட்டச் சொல்வதற்கு முன் திரையில் வேறு ஏதேனும் வாசகம் வருகிறதா? வந்தால் அதை எழுத்து மாறாமல் இங்கே இடுங்கள்.

பிணையம் | திங்கள், இரவு 11.04

இது, வெளியிலிருக்கும் கணினியைப் பல்கலைக்கழக வலையமைப்போடு இணைக்கும் விபிஎன் தொடர்பான சிக்கல் என்று பார்த்தவுடனே தெரிகிறது. பதிப்பகத்தின் கணினிக்கு உங்களை யாரென்று தெரியாது. உங்கள் ஐபி முகவரி பல்கலைக்கழகத்துக்கு உரியதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. பல பல்கலைக்கழகங்களின் விபிஎன், வளாகத்துக்குள் செல்லும் போக்குவரத்தை மட்டும் தன் வழியாக அனுப்பிவிட்டு, மற்றவற்றை உங்கள் வீட்டு இணைப்பின் வழியாகவே விட்டுவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதனால் விபிஎன் இயங்குவதாகத் திரையில் காட்டினாலும், பதிப்பகத்தைப் பொறுத்தவரை நீங்கள் வெளியாள்தான். அமைப்புகளில் எல்லாப் போக்குவரத்தையும் விபிஎன் வழியாக அனுப்பும் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

நள்ளிரவு வாசகர் | திங்கள், இரவு 11.10

குக்கீகளை அழித்துவிட்டுத் தனிச்சாளரத்தில் திறந்து பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் அதுவே கைகொடுத்திருக்கிறது.

பாறைக்கீற்று | திங்கள், இரவு 11.21

வீட்டிலிருந்துதான் முயல்கிறேன். நான் விபிஎன் பயன்படுத்துவதில்லை; எனக்கும் பதிப்பகத்துக்கும் இடையே நிற்கும் நூலகத்தின் ப்ராக்சி சேவையகம் வழியாகவே செல்கிறேன். தனிச்சாளரத்திலும் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை.

அடிக்குறிப்பு | திங்கள், இரவு 11.38

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அறிவியல் நூலகங்கள் அறிமுக வகுப்பு நடத்துவது அழகுக்காக அன்று. அதற்கு வராமல் இருந்துவிட்டு, சந்திப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது அவசரம் என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. போகட்டும், இதையாவது தெரிந்துகொள்ளுங்கள். ப்ராக்சி வழியாகச் சென்றால், முகவரிப் பட்டையில் பதிப்பகத்தின் பெயரில் உள்ள புள்ளிகள் சிறு கோடுகளாக மாறி, அதன் வாலில் உங்கள் நூலகத்தின் முகவரி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வால் இல்லையென்றால், நூலகக் கணக்கில் நீங்கள் எத்தனை முறை உள்நுழைந்தாலும் பதிப்பகத்துக்கு அது தெரியாது. நீங்கள் தேடுபொறியிலிருந்து நேராகப் போயிருக்கிறீர்கள் என்பதே என் முடிவு.

பாறைக்கீற்று | திங்கள், இரவு 11.44

வால் இருக்கிறது ஐயா. அறிமுக வகுப்புக்கும் வந்திருந்தேன்.

பிணையம் | திங்கள், இரவு 11.52

அப்படியானால் ப்ராக்சி சேவையகத்தில் அந்தப் பதிப்பகத்தின் புதிய முகவரியைச் சேர்க்க மறந்திருப்பார்கள். பதிப்பகங்கள் தளத்தை மாற்றியமைக்கும்போது இப்படி நேர்வதுண்டு. எப்படியிருந்தாலும் விபிஎன் ஒரு முறை முயன்று பாருங்கள்.

அலமாரி | செவ்வாய், காலை 6.30

எல்லோரும் உள்நுழைவைப் பற்றியே பேசுகிறீர்கள். சென்ற வாரம் இதே இதழிலிருந்து மூன்று கட்டுரைகள் கிடைத்தன என்று அவர் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். உள்நுழைவு பழுதாகியிருந்தால் அந்த மூன்றும் இப்போது திறக்கக் கூடாது. அவை இப்போதும் திறக்கின்றனவா? அடுத்த கேள்வி: நீங்கள் தேடும் கட்டுரை எந்த ஆண்டு வெளியானது?

பாறைக்கீற்று | செவ்வாய், காலை 7.15

அந்த மூன்றும் திறக்கின்றன. இது 1974. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அலமாரி | செவ்வாய், காலை 7.50

தொடர்பு அதில்தான் இருக்கிறது. ஒரு நூலகத்தின் இதழ்ப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஓர் இதழுக்குச் சந்தா செலுத்துவதால் அந்த இதழ் தொடங்கிய நாள் முதல் வெளியான அனைத்தும் கைக்கு வந்துவிடும் என்று பெரும்பாலான மாணவர்கள் எண்ணுகிறார்கள். பெரிய பதிப்பகங்கள் பல, தாங்கள் 1990களின் நடுவில் இணையத்துக்கு வந்த காலத்துக்கு முந்தைய இதழ்களைப் பின்னாளில் ஸ்கேன் செய்து, ‘பழைய தொகுப்பு’ என்ற பெயரில் தனியாக விற்கின்றன. நடப்புச் சந்தாவில் அது சேராது. கட்டுரையின் சுருக்கப் பக்கமும் அதன் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணும் எல்லோருக்கும் தெரிவதால் கட்டுரையும் நமக்கு உரியது என்று தோன்றுகிறது. ஆனால் அந்தப் பழைய தொகுப்பை உங்கள் நூலகம் வாங்கியிராவிட்டால், நீங்கள் எந்த வழியாகப் போனாலும் அந்தக் கதவு திறக்காது. குக்கீயையும் விபிஎன்னையும் விட்டுவிடுங்கள்.

இப்போது நூலகப் பட்டியலுக்குச் சென்று, கட்டுரைத் தலைப்பைத் தேடாமல் இதழின் பெயரைத் தேடுங்கள். இருப்பு விவரத்தில் ஏறத்தாழ இப்படி இரண்டு வரிகள் இருக்கும்: ‘இணைய வழி: 1997 முதல்’ என்று ஒன்று, ‘அச்சு: தொகுதி 6 – 41, சேமிப்பகம்’ என்று மற்றொன்று. ஆண்டும் தொகுதி எண்ணும் இதழுக்கு இதழ் மாறும், அமைப்பு இதுதான். பலர் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். உங்கள் கட்டுரை இரண்டாம் வரியில் இருக்கக் கூடும்.

அப்படி இருந்தால், அதே பக்கத்தில் ‘ஸ்கேன் கோருக’ என்ற பொத்தானோ படிவமோ இருக்கும். ஊழியர் ஒருவர் சேமிப்பகத்துக்குச் சென்று, அந்தத் தொகுதியை எடுத்து, உங்கள் கட்டுரையை மட்டும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புவார். தொகுதி எண், இதழ் எண், ஆண்டு, தொடக்கப் பக்கம், முடிவுப் பக்கம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். முடிவுப் பக்கத்தை எழுதாமல் விடுபவர்களால் கட்டுரை பாதியில் நின்ற கதைகள் என்னிடம் ஏராளம். அச்சுப் பிரதியும் இல்லையென்றால், நூலகங்களுக்கிடையிலான இரவல் சேவைக்கு அதே விவரங்களைக் கொடுங்கள். வேறொரு நூலகத்திலிருந்து தருவித்துக் கொடுப்பார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பெயரைப் பார்த்தால் நிலவியல் மாணவர் போலத் தெரிகிறது. கட்டுரையில் உங்களுக்குத் தேவை உரையா, அல்லது ஏதேனும் வரைபடமா?

பாறைக்கீற்று | செவ்வாய், காலை 8.20

வரைபடம்தான். உரையின் சாரம் வேறொரு கட்டுரையில் மேற்கோளாகவே இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. நீங்கள் சொன்ன இரண்டு வரிகளும் பட்டியலில் இருக்கின்றன. படிவத்தை அனுப்பிவிட்டேன். நன்றி.

அடிக்குறிப்பு | செவ்வாய், காலை 9.05

இருப்பு விவரத்தை வாசிப்பது எப்படி என்பதும் அறிமுக வகுப்பில் கற்பிக்கப்படுவதுதான். ஆண்டைக் குறிப்பிட்டிருந்தால் நானும் நேற்றே சொல்லியிருப்பேன்.

குறிப்பேடு | செவ்வாய், காலை 9.12

நேற்று நீங்கள் ஆண்டைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அலமாரி கேட்டார்.

பிணையம் | செவ்வாய், காலை 10.40

என் கணிப்பு தவறு, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு கேள்வி. 1974ஆம் ஆண்டின் ஒரு கட்டுரைக்காக ஓர் ஊழியர் சேமிப்பகம் வரை நடந்து சென்று ஸ்கேன் செய்ய வேண்டிய நிலை ஏன் இன்னும் நீடிக்கிறது? பழைய தொகுப்பை ஒரே முறை விலை கொடுத்து வாங்கிவிட்டு, கட்டுத் தொகுதிகளைக் கழித்துவிடலாம். எங்கள் அறிவியல் நூலகத்தில் இரண்டாம் தளத்து அலமாரிகளை அகற்றிவிட்டுக் குழு அறைகளையும், முப்பரிமாண அச்சு இயந்திரத்தையும், நிரலாக்கப் பயிற்சி நடத்த ஒரு கூடத்தையும் அமைத்தார்கள். அங்கே நடந்த தரவுப் பயிலரங்கில் நான் கற்றது, அதே இடத்தில் முன்பு தூசி படிந்து நின்ற தொகுதிகளிலிருந்து நான் கற்றதைவிட அதிகம். தேர்வுக் காலத்தில் உட்கார இடமின்றி மாணவர்கள் படிக்கட்டில் அமர்ந்திருக்கும்போது, யாரும் திறக்காத தொகுதிகளுக்கு ஒரு தளத்தையே ஒதுக்குவது நியாயமா?

அலமாரி | செவ்வாய், பகல் 12.15

இடப் பற்றாக்குறை பொய்யன்று. பழைய ஆய்விதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் தரும் ஜேஸ்டோர் 1995இல் தொடங்கப்பட்டதன் பின்னணியே, பழைய இதழ்த் தொகுதிகள் நூலக அலமாரிகளை விழுங்குகின்றன என்ற கவலைதான். ஆனால் ஸ்கேன் செய்வது என்றால் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தொடக்க காலத்தில் ஜேஸ்டோர் பக்கங்களை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில், கறுப்பு வெள்ளை இரண்டே நிறமாக ஸ்கேன் செய்தது. எழுத்துக்கு அது அருமையானது. பாறை அடுக்குகளைப் பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று நிறம் பிரித்துக் காட்டும் ஒரு நிலவியல் வரைபடத்தை இரண்டே நிறமாக மாற்றினால் அதில் என்ன எஞ்சும்? நிழற்படங்களுக்கும் வண்ணத் தட்டுகளுக்கும் வேறு முறையைக் கையாண்டார்கள் என்பது உண்மை. ஆனால் எல்லாப் பதிப்பகங்களும் அந்த அளவு கவனம் எடுத்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

இன்னொன்று, நிலவியல் இதழ்களைக் கையாண்டவர்களுக்குத்தான் தெரியும். பெரிய வரைபடங்களை இதழின் பக்கங்களோடு சேர்த்துத் தைக்க முடியாது. அவற்றை எட்டாக மடித்து, பின்னட்டையின் உட்புறம் ஒட்டிய காகிதப் பையில் செருகிவிடுவார்கள். ஸ்கேன் செய்பவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒழுங்காகச் செய்து முடிப்பார். பையைத் திறந்து பார்க்க அவருக்குத் தோன்றாது. அதனால் பதிப்பகத்தின் பிடிஎஃபிலும் அது இல்லாமல் போகலாம்.

பிணையம் | செவ்வாய், பகல் 12.40

அப்படியென்றால் வரைபடங்கள் உள்ள தொகுதிகளை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் எதற்கு?

அடிக்குறிப்பு | செவ்வாய், பிற்பகல் 2.10

எவற்றில் வரைபடம் உள்ளது என்று யார் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது? ஒரு நாட்டில் சில நூலகங்கள் தங்களுக்குள் பேசி, ஒவ்வோர் இதழின் அச்சுப் பிரதியையும் இன்னார் காப்பது என்று பங்கிட்டுக்கொள்வதே அறிவுள்ள ஏற்பாடு. மின் பிரதிகளுக்கும் அதே எண்ணம்தான். ஒரே கோப்பைப் பல நூலகங்கள் தத்தம் கணினியில் வைத்துக் காக்கும் லாக்ஸ் திட்டம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 1999இல் தொடங்கியது. நிரலாக்கப் பயிலரங்குக்கு இடம் வேண்டுமென்றால் வேறு கட்டடத்தில் நடத்தட்டும்.

குறிப்பேடு | செவ்வாய், மாலை 4.25

பயிலரங்கை வேறு கட்டடத்துக்கு அனுப்பினால், அங்கே வரும் மாணவர்கள் நூலகரைப் பார்க்கவே மாட்டார்கள். மேற்கோள் நிரல்களைப் பற்றிய ஒரு மணி நேரப் பயிலரங்கில், ஸோட்டெரோ என்ற அத்தகைய நிரலில் ஒரு கட்டுரையின் விவரங்களை எப்படித் திருத்துவது என்று கேட்கப் போய், என் துறைக்கென்றே ஒரு பாட நூலகர் இருக்கிறார் என்பதை மூன்றாம் ஆண்டில்தான் அறிந்தேன். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் இரண்டு மணி நேரம் எடுத்ததில்லை. பாறைக்கீற்று, உங்கள் துறைக்கும் ஒருவர் இருப்பார். ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

பிணையம் | செவ்வாய், மாலை 5.02

அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆட்கள் வந்தால்தான் நூலகம். அலமாரிகள் எங்கே இருந்தால் என்ன?

பாறைக்கீற்று | புதன், பகல் 11.30

ஸ்கேன் வந்துவிட்டது. பதினெட்டுப் பக்கங்களும் தெளிவாக இருக்கின்றன. வரைபடம் இல்லை. ‘இணைப்பு 1, பின்பையில்’ என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது.

அலமாரி | புதன், பகல் 11.41

நான் அஞ்சியதுதான். தொகுதியை வாசிப்பு அறைக்கு வரவழைக்கக் கோரிக்கை கொடுத்துவிட்டு நேரில் செல்லுங்கள். இதழ்களைக் கட்டுத் தொகுதியாகத் தைக்கும்போது, ஒவ்வோர் இதழின் பின்பையில் இருந்தவற்றையும் எடுத்து, தொகுதியின் கடைசியில் ஒரே பையில் மொத்தமாக வைத்துவிடுவது வழக்கம். ஆகவே உங்கள் கட்டுரைக்கு அருகில் தேடாதீர்கள், பின்னட்டையைத் திறந்து பாருங்கள். ஐம்பது ஆண்டு பழைய தாள் மடிப்பில் ஒடியும். மேசையில் முழுமையாக விரிக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு மடிப்பாக மெல்லத் திறங்கள். படம் எடுக்க அனுமதி உண்டா என்று முன்மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய தாள்களுக்கான ஸ்கேனர் இருந்தால், வண்ணத்தில் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

நள்ளிரவு வாசகர் | புதன், பகல் 11.58

நூலகம் இன்று எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

பாறைக்கீற்று | புதன், மாலை 6.47

கிடைத்துவிட்டது. ஒரே பையில் ஐந்து வரைபடங்கள் இருந்தன, மூன்றாவது என்னுடையது. வண்ணம் அப்படியே இருக்கிறது. நன்றி.

குறிப்பேடு | புதன், இரவு 7.05

மகிழ்ச்சி. நாளை சந்திப்பு நல்லபடியாக நடக்கட்டும்.

அடிக்குறிப்பு | புதன், இரவு 7.30

அது எந்த இதழ், எந்தக் கட்டுரை என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?

அலமாரி | வெள்ளி, காலை 6.35

மற்ற நான்கு வரைபடங்களையும் பையில் வைத்துவிட்டீர்கள்தானே?