தாத்தா வீட்டு குரூப்: டீபக் ஏன் அணையல?

திவ்யா: கார்த்தி அண்ணா ஃப்ரீயா? ப்ரோக்ராமை பில்ட் பண்ற 'மேக்' டூலுக்கு எழுதின மேக்ஃபைல்ல ஒரு சிக்கல். நாளைக்கு லேப்ல காட்டணும்

திவ்யா: "மேக் டீபக்=0"னுதான் கொடுக்கிறேன். அப்பவும் பிழை தேடறதுக்கான டீபக் பில்ட்தான் வருது, லாகா கொட்டுது

கார்த்தி: கண்டிஷன் எப்படி எழுதியிருக்க?

திவ்யா: இஃப்டெஃப் டீபக். உள்ள டீபக்குக்கான மைனஸ் ஜி, லாக் ஃபிளாக்; எல்ஸ்ல வேகத்துக்கான மைனஸ் ஓ2. அவ்ளோதான்

கார்த்தி: அதான் விஷயம். இஃப்டெஃப் மதிப்பைப் பாக்காது. டப்பா காலியா இல்லையான்னு மட்டும்தான் பாக்கும், உள்ள சர்க்கரையா உப்பானு அதுக்குக் கவலையில்ல. 0வும் ஒரு எழுத்துதானே

சுமதி சித்தி: டேய் இது குடும்ப குரூப்டா 😄 ஞாயித்துக்கிழமை எத்தன பேர் வரீங்க, அத சொல்லுங்க முதல்ல

கார்த்தி: நாங்க மூணு பேர் சித்தி

கார்த்தி: திவ்யா, இஃப்ஈக்யூ போட்டு டீபக் 1க்கு சமமானு கேளு

பிரவீன்: எனக்கு இவ அனுப்பின ஃபைல்ல வெறும் மேக்னு அடிச்சாலே டீபக்ல போகுதே

கார்த்தி: டெர்மினல் திறந்தா ஓடற உன் பாஷ்ஆர்சி ஃபைல்ல டீபக் எக்ஸ்போர்ட் கிடக்கும். ஷெல்ல எக்ஸ்போர்ட் ஆனதையெல்லாம் மேக் தன் வேரியபிளா எடுத்துக்கும். $(இன்ஃபோ $(ஆரிஜின் டீபக்))னு ஒரு வரி போட்டுப் பாரு, எங்கிருந்து வந்ததுனு அதுவே சொல்லும்

பிரவீன்: "என்விரான்மென்ட்"னு காட்டுது 😬

திவ்யா: அப்போ ஃபைல் மேலயே டீபக் = 0னு போட்டுட்டா?

கார்த்தி: அப்போ ஃபைல்ல இருக்கறதுதான் ஜெயிக்கும், எக்ஸ்போர்ட் பண்ணது செல்லாது. டீபக் ?= 0னு போட்டா, ஏற்கனவே எங்கயும் இல்லன்னா மட்டும் 0 எடுத்துக்கும். கமாண்ட் லைன்ல கொடுத்தா ரெண்டையும் மிஞ்சிடும். உனக்கு ?= போதும். பிரவீன், நீ அந்த எக்ஸ்போர்ட்டை எடுத்துட்டு அன்செட் பண்ணிடு

திவ்யா: மாத்திட்டேன். இப்போ "அப் டு டேட்"னு சொல்லிட்டு சும்மா நிக்குது 😭

கார்த்தி: மேக் ஃபைல் கடைசியா மாறின நேரத்தை மட்டும்தான் பாக்கும். வேரியபிள் மாறினது அதுக்குத் தெரியாது. 1976ல பெல் லேப்ஸ்ல பொறந்ததுலேர்ந்து இதே குணம்தான். மேக் க்ளீன் அடிச்சு பழைய பில்டை அழிச்சுட்டு மறுபடி பண்ணு

திவ்யா: வந்துருச்சு!!! மைனஸ் ஓ2

சுமதி சித்தி: என்னமோ வந்துச்சு. நீ வரியா இல்லையாடி?

திவ்யா: வரேன் சித்தி 🙈

கார்த்தி: ரீட்மீல எழுதி வை, டீபக்=1 கொடுத்தா மட்டும்தான் டீபக் பில்ட்னு. இல்லன்னா உன் டீம்ல எவனாவது "எஸ்"னு கொடுத்துட்டு லாக் வரலன்னு உன்னை எழுப்புவான்